பரியைப் பரியாகக் காணல்

வலிகாமத்தின் தென்மேற்குப் பகுதியில் அமைந்த சண்டிலிப்பாயைக் குதிரைகளோடு தொடர்புபடுத்தி எவரும் எண்ணுவதில்லை. வயலும் தோட்டமும் பனங்கூடலும் கோயிலும் கொண்ட ஊர் அது. அங்கு பிறந்து வளரும் பிள்ளை குதிரையை முதன்முதற் காண்பது பெரும்பாலும் கோயில் வீதியிலேயே. வேட்டைத் திருவிழாவன்று, முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் நிலையிற் செதுக்கப்பட்ட மரக்குதிரையின்மீது சுவாமி எழுந்தருளுவார். அக்குதிரையின் கழுத்து வளைந்திருக்கும், கண் உருண்டிருக்கும், உடல் திரண்டிருக்கும், மணியும் சேணமும் அதற்கு அணியாகும். அது உண்பதில்லை, நீர் கேட்பதில்லை, முதுமை எய்துவதுமில்லை. திருவிழா முடிந்ததும் வாகனசாலைக்குத் திரும்பி அடுத்த ஆண்டுவரை அங்கேயே நிற்கும்.

இவ்வூரிலிருந்து வடகிழக்கே சில கல் தொலைவில் மாவிட்டபுரம் உள்ளது. தென்மேற்கே, கடலைக் கடந்தால், நெடுந்தீவு உள்ளது. முன்னையது தன் பெயரிலே குதிரையைக் கொண்டது. பின்னையது தன் மண்ணிலே குதிரைகளைக் கொண்டது. மாவிட்டபுரத்தின் கதையை யாழ்ப்பாணத்தார் அனைவரும் அறிவர். நெடுந்தீவின் குதிரைகளையும் அவர்கள் அறிவர். எனினும் அவ்வறிவு பெரும்பாலும் ஒரு புகைப்பட அளவிலேயே நின்றுவிடுகிறது. கதையிலுள்ள குதிரைக்கும் தரையிலுள்ள குதிரைக்கும் இடையே ஏன் இத்தனை தூரம் என்பதே இங்கு ஆராயப்படும் வினா. இது விலங்குநலம் பற்றிய வினா மட்டுமன்று, இலக்கியம் பற்றிய வினாவுமாகும். ஒரு சமுதாயம் எவ்வுயிரைப் பேணத் தெரிந்துகொள்கிறது என்பதற்கும், அவ்வுயிரை அதன் இலக்கியம் எவ்வாறு காணப் பழக்கியது என்பதற்கும் நெருங்கிய உறவுண்டு.

தமிழிலக்கியத்திற் குதிரைக்குப் பஞ்சமில்லை. சங்கப் பாடல்களிலே தேர் பூண்ட குதிரை, போர்க்களத்துக் குதிரை, பரிசிலாக வழங்கப்படும் குதிரை, கடல் வழியாக வந்திறங்கும் குதிரை எனப் பலவற்றைக் காணலாம். புறத்திணையில் 'குதிரை மறம்' எனத் தனியொரு துறையே வகுக்கப்பட்டுள்ளது. இத்துறைக்குரிய இரு பாடல்கள் இங்கு நுணுகி நோக்கத்தக்கவை.

புறநானூற்றின் 299ஆம் பாடலைப் பாடியவர் பொன்முடியார். சீறூர் மன்னன் ஒருவனின் குதிரை உழுந்தின் சக்கையைத் தின்று தளர்ந்த நடையுடையது. வளமிக்க மன்னரின் குதிரைகளோ நெய்பெய்து அமைத்த உணவை உண்டவை. களத்தில் நிகழ்வது இதற்கு மாறாக அமைகிறது. மெலிந்த குதிரை படையைப் பிளந்து செல்கிறது. கொழுத்த குதிரைகள் ஒதுங்கி நிற்கின்றன. வறியவன் வீட்டுக் குதிரைக்குப் பெருமை தரும் இப்பாடல் எக்காலத்தும் சுவைக்கத்தக்கதே. ஆயினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். மெலிந்த குதிரையின் மெலிவு புலவரின் கண்ணிற் பட்டது. அது தின்ற சக்கைகூடப் பட்டது. ஆனால் அம்மெலிவு, பின்னர் வரும் வீரத்தை உயர்த்திக் காட்டும் முரணாகவே அங்குப் பயன்படுகிறது. அன்று அக்குதிரை படையைப் பிளக்காமற் களைத்து வீழ்ந்திருப்பின் அதற்கு ஒரு பாடல் கிடைத்திருக்குமா என்பது ஐயத்திற்குரியது.

எருமை வெளியனாரின் 273ஆம் பாடல் இதனினும் மென்மையானது. களத்துக்குச் சென்ற ஏனையோரின் குதிரைகளெல்லாம் திரும்பிவிட்டன. தன் வீட்டுக் குதிரை மட்டும் ஏன் வரவில்லை என்று சிறு மகனுடைய மனைவியொருத்தி கேட்கிறாள். தமிழிலே குதிரையின் இறப்பு நினைக்கப்படும் அரிய இடங்களுள் இதுவும் ஒன்று. ஆனால் அவள் குதிரையைக் கேட்கும்போது அதன்மேல் அமர்ந்து சென்றவனையே கேட்கிறாள் என்பதை உணராத வாசகர் இலர். குதிரை இங்குக் கணவனுக்கு ஆகுபெயர் போல நிற்கிறது. பாடலின் அழகு அதுவே. அதன் எல்லையும் அதுவே.

இதற்கு நேர்மாறான இரக்கம் தமிழிலக்கியத்தில் வேறு உயிர்களுக்குத் தாராளமாகக் கிடைத்துள்ளது. குறுங்குடி மருதனாரின் அகநானூற்றுப் பாடலில் (4) வரும் தலைவன், பூவிலே துணையோடு தங்கிய வண்டுகள் அஞ்சிவிடுமென்று தன் தேர்மணியின் நாவைக் கட்டிவிடுகிறான். அதே பாடலில் அத்தேரை இழுக்கும் குதிரையின் பிடரி அழகும் கூறப்படுகிறது. ஆனால் அது களைத்ததா, நீர் அருந்தியதா என்பது கூறப்படவில்லை. பாரி முல்லைக்குத் தேர் ஈந்தான்; பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்தான்; சிபி புறாவுக்குத் தன் தசையை ஈந்தான்; மனுநீதிச் சோழன் கன்றிழந்த பசுவுக்கு நீதி வழங்கினான். கொடி, மயில், புறா, பசு என நீளும் இவ்வரிசையிலே குதிரைக்கு இடமில்லை. பாரி தேரைக் கானகத்தில் விட்டுத் திரும்பினான் என்ற செய்தி இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. அத்தேரிற் பூட்டிய குதிரைகள் என்னவாயின என்று கேட்டவர் எவருமிலர்.

இதற்குக் காரணம் புலவரின் கல்நெஞ்சமன்று. சமுதாய அமைப்பே காரணமாகும். தமிழகத்திலும் ஈழத்திலும் குதிரை உழவனோடு வாழ்ந்த விலங்கன்று. ஏரிழுத்ததும் சூடு மிதித்ததும் பால் தந்ததும் மாடே. ஆதலின் மாட்டுக்குப் பொங்கல் உண்டு. அதன் நோய்க்குக் கைமருந்து உண்டு. அதற்கு வீட்டுப் பெயர் உண்டு. யாழ்ப்பாணத்துப் பட்டிப் பொங்கலும் சவாரி மாட்டின்மீது வலிகாமத்தார் கொண்ட பெருமையும் இவ்வுறவின் வெளிப்பாடுகளே. குதிரையோ கப்பலில் வந்தது. அரசனின் பொன்னுக்கு விலைபோனது. படைக்கும் பவனிக்கும் உரியது. மக்கள் அதனைப் பார்த்தனர், அதனோடு பழகவில்லை. பார்வைக்குரிய பொருளாக அமைந்தவொன்று பாட்டுக்கு எளிதில் அகப்படும். பராமரிப்புக்கு அது அகப்படுவதில்லை.

இவ்வாறு பழகாமையின் விளைவை அயலான் ஒருவனின் குறிப்பு வெளிப்படையாக எடுத்துரைக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டிநாட்டுக் கரையைக் கண்ட வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, அந்நாட்டு மன்னன் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளைக் கடல்வழியாக வாங்கினான் என எழுதினார். ஆண்டு முடிவில் அவற்றுள் நூறுகூட எஞ்சுவதில்லை என்பதும் அவரது கூற்று. குதிரையைப் பேணும் முறையை அந்நாட்டார் அறியாமையும் குதிரை மருத்துவர் இன்மையுமே அவர் கூறும் காரணங்கள். விற்பனை குன்றிவிடும் என அஞ்சிய வணிகர் குதிரை மருத்துவரை அங்குச் செல்லவிடாது தடுத்தனர் என்றும் அவர் சேர்த்துரைக்கிறார். பயணிகளின் எண்ணிக்கைகளில் மிகை இருத்தல் இயல்பே. ஆயினும் அறியாமையே வணிகத்தின் முதலாக அமைந்தது என்னும் அவரது அவதானம் ஒதுக்கத்தக்கதன்று. குதிரை எவ்வளவு விரைவில் இறந்ததோ அவ்வளவு விரைவில் அடுத்த கப்பல் வந்தது.

பாண்டிய மன்னன் குதிரை வாங்கும் இதே செய்தி புராணத்திலும் உண்டு என்பது நினைக்கத்தக்கது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில், குதிரை வாங்கக் கொண்டுசென்ற பொன்னை வாதவூரர் திருப்பெருந்துறையில் இறைபணிக்குச் செலவிடுகிறார். இறைவன் நரிகளைப் பரிகளாக்கித் தானே குதிரைச் சேவகனாக வந்து அவற்றை ஒப்படைக்கிறான். இரவானதும் பரிகள் மீண்டும் நரிகளாகின்றன. லாயத்தில் முன்னரே நின்ற உண்மைக் குதிரைகளைக் கடித்துக் குதறிவிட்டு அவை ஓடுகின்றன. புராணத்தின் நோக்கம் அடியாரின் பெருமையை நிறுவுதல். அந்நோக்கத்தில் அது வெற்றி பெறுகிறது. எனினும் கதையின் ஓரத்தில், கட்டுத்தறியை விட்டு ஓடமுடியாது கடியுண்ட அந்தப் பழைய குதிரைகள் கிடக்கின்றன. அவை எப்பிழையும் செய்யாதவை. எந்தப் படலமும் அவற்றுக்காக நின்று செல்லவில்லை. ஓரிரவில் நரி பரியாதல் அற்புதம். கடியுண்ட பரி மீண்டும் பரியாவதற்கு எத்தனை நாட் செல்லும் என்பது அற்புதத்துக்குப் புறம்பான கணக்கு.

மாவிட்டபுரத்துக் கதை யாழ்ப்பாணத்தின் சொந்தக் கதை. சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லிக்கு நோயும் குதிரை முகமும் வாய்த்தன. கீரிமலைத் தீர்த்தத்தில் ஆடியபின் குதிரைமுகம் நீங்கியது. மா விட்ட இடம் மாவிட்டபுரமாயிற்று. அவள் அங்குக் கந்தனுக்குக் கோயில் அமைத்தாள். நோயுற்ற பெண்ணொருத்தி நலம்பெறும் கதை என்ற வகையில் இதனை மறுவாழ்வின் கதை எனலாம். நீரும் நாளும் நோன்பும் அங்குக் கூறப்படுகின்றன. ஆயினும் குதிரையைப் பொறுத்தவரையில் இதன் குறிப்பு வேறு. குதிரையின் முகம் மனித முகத்தின் கேடு. விட்டொழிக்கப்பட வேண்டிய ஒன்று. கோயிலுக்குள் வாகனமாகப் போற்றப்படும் அதே முகம், உயிருள்ள உடலில் அமையும்போது நோயாகிறது.

இவ்விரண்டு நிலைகளுக்கும் நடுவே தமிழர் குதிரையைப் பல பொருள்களிற் செய்துகொண்டனர். மரத்திலே வாகனம், தமிழகத்து ஐயனார் கோயில்களில் மண்ணிலே புரவி, ஆட்டக்கலையிலே துணியும் தாளும் கொண்ட பொய்க்காற் குதிரை. இவையெல்லாம் உயர்ந்த கைவினைகள் என்பதில் ஐயமில்லை. அவற்றைச் செய்த தச்சரும் குயவரும் குதிரையின் உடலமைப்பைக் கூர்ந்து நோக்கியவர்கள். ஆனால் மரத்தையும் மண்ணையும் துணியையும் பேணுதல் எளிது. தசையைப் பேணுவதற்கு வேறொரு பயிற்சி வேண்டும்.

அண்மைக்காலத் தமிழிலே இவ்வேறுபாட்டை நேராகத் தொட்ட படைப்பு பாஸ்கர் சக்தியின் 'அழகர்சாமியின் குதிரை'. 2011இல் சுசீந்திரன் இதனைத் திரைப்படமாக்கினார். சிற்றூர் ஒன்றில் அழகர் எழுந்தருள வேண்டிய மரக்குதிரை காணாமற் போகிறது. எங்கிருந்தோ வந்த உயிருள்ள குதிரையைத் தெய்வச் செயலெனக் கொண்டு ஊரார் கட்டிவைக்கின்றனர். சுமைதூக்கிப் பிழைக்கும் அழகர்சாமி என்ற ஏழை அதனைத் தேடிக்கொண்டு வருகிறான். ஊருக்கு அது வாகனம். அவனுக்கு அது பிழைப்பும் துணையும். ஊரின் பக்திக்கும் ஒருவனின் பரிவுக்கும் இடையே நிகழும் இவ்வழக்கு நகைச்சுவையோடு சொல்லப்பட்டாலும் அதன் அடித்தளம் கனமானது. ஊரார் குதிரையை வெறுக்கவில்லை, மாலையிட்டு வணங்குகின்றனர். வணக்கம் அதனைக் கட்டிவைக்கிறது. உறவு மட்டுமே அதன் பெயரைச் சொல்லி அழைக்கிறது. தமிழ்க் கற்பனை மரக்குதிரையை அகற்றிவிட்டு அவ்விடத்தில் உயிர்க்குதிரையை நிறுத்திப் பார்த்த சிறந்த தருணங்களுள் இதுவும் ஒன்று எனத் துணிந்து கூறலாம். ஆயினும் அழகர்சாமியின் குதிரை உழைக்கும் குதிரை. உழைப்பொழிந்த குதிரைக்கு என்ன நேரும் என்ற வினா இன்னும் எஞ்சி நிற்கிறது.

அவ்வினாவை எழுப்பிய பிறநாட்டுப் படைப்புகள் இரண்டு. தோல்ஸ்தோயின் 'கொல்ஸ்தோமர்' 1886இல் வெளிவந்தது. கிழடுதட்டிய, புள்ளிநிறம் கொண்ட குதிரையொன்று தன் வாழ்க்கையை மந்தையின் ஏனைய குதிரைகளுக்குப் பல இரவுகளாகச் சொல்கிறது. 'என்னுடையது' என்று மனிதர் சொல்லும் சொல்லின் பொருள் அதற்கு விளங்கவில்லை. தன்னை உடையவன் என்று சொல்பவன் ஒருவன். தனக்கு உணவு தருபவன் வேறொருவன். விக்டர் ஷ்க்லோவ்ஸ்கி 1917இல் எழுதிய கட்டுரையில், பழகிய உலகைப் புதியதாகக் காட்டும் உத்திக்கு இக்கதையை எடுத்துக்காட்டாக்கினார். உத்தி என்ற அளவில் நின்றுவிடாமல் இதனை அறநிலையிலும் நோக்கலாம். உடைமை என்பது பேணுதலைக் கட்டாயமாக்குவதில்லை என்பதே அக்குதிரை கண்ட உண்மை.

ஆனா சியூவலின் 'பிளாக் பியூட்டி' 1877இல் வெளிவந்தது. இதுவும் குதிரையே தன் கதையைக் கூறும் நாவல். சிறுமியாக இருந்தபோது கால் ஊனமுற்று, வாழ்நாளெல்லாம் குதிரைவண்டியை நம்பி வாழ்ந்த பெண்ணொருவர் எழுதிய ஒரே நாவல் இது. நூல் வெளிவந்த சில மாதங்களில் 1878இல் அவர் மறைந்தார். இந்நாவலின் இறுதிப் பகுதியே இங்கு முக்கியமானது. இலண்டன் தெருக்களில் வண்டியிழுத்து நலிந்து வீழ்ந்த குதிரையைச் சந்தையில் ஒரு முதிய விவசாயி காண்கிறார். பேரனின் வேண்டுகோளுக்கிணங்கி ஐந்து பவுணுக்கு வாங்குகிறார். காலையும் மாலையும் தீனி, பகல் முழுதும் புல்வெளியில் உலாவல், மென்மையான தரை, ஓய்வு, பின்னர் சிறிது சிறிதாக நடை எனப் பேணும் முறை ஒழுங்காகக் கூறப்படுகிறது. குளிர்காலம் கழிந்து இளவேனில் வரும்போது குதிரை தேறியிருக்கிறது. அற்புதம் எதுவும் நிகழவில்லை, நாட்கள் நிகழ்ந்தன. கைவிடப்பட்ட குதிரையை ஏற்று மறுவாழ்வளித்தலை இலக்கியப் பொருளாக்கிய முன்னோடிப் பக்கங்கள் எனச் சியூவலின் அப்பக்கங்களைப் போற்றலாம்.

இந்நாவலையும் குறையற்றதெனக் கொள்ளுதல் பொருந்தாது. தேறிய குதிரை மீண்டும் வண்டியிற் பூட்டிச் சோதிக்கப்படுகிறது. நல்ல இடத்துக்கு விற்கப்படுகிறது. உழைப்பதனால் நிம்மதி பெறுகிறது. உழைக்க இயலாத குதிரையை விக்ரோரியா காலத்து வாசகர் ஏற்பாரா என்ற தயக்கம் கதையின் முடிவிற் புலப்படுகிறது. பொன்முடியாரின் மெலிந்த குதிரை படையைப் பிளந்து தன்னை நிறுவ வேண்டியிருந்தது போல, சியூவலின் குதிரையும் வண்டியை இழுத்துத் தன்னை நிறுவ வேண்டியிருக்கிறது. தோல்ஸ்தோய் மட்டுமே அத்தேவையைத் துறக்கிறார். அவர் கதையிற் குதிரை கொல்லப்படுகிறது. அதன் உடல் ஓநாய்க்குட்டிகளுக்கு உணவாகிறது. அதனை உடையவனாயிருந்தவனின் உடலோ எவர்க்கும் பயனின்றிப் புதைக்கப்படுகிறது.

நூலுக்கு வெளியிலும் இவ்வினாவுக்கு விடை தேடியோர் உளர். முதலாம் உலகப்போரின் பின் பிரித்தானியப் படை தன் குதிரைகளை எகிப்தில் விற்றுவிட்டுச் சென்றது. 1930இற் கைரோவுக்குச் சென்ற டொறதி புரூக் என்னும் பெண்மணி அக்குதிரைகள் எலும்பும் தோலுமாய்ப் பாரமிழுப்பதைக் கண்டார். 1931இல் 'மோர்னிங் போஸ்ட்' நாளேட்டுக்கு எழுதிய கடிதத்தின் மூலம் பணம் திரட்டி ஏறத்தாழ 5,000 குதிரைகளை வாங்கினார். 1934இல் அங்கு ஒரு குதிரை மருத்துவமனை நிறுவப்பட்டது. வாங்கப்பட்டவற்றுட் பல, மீளமுடியாத அளவு நலிந்திருந்தமையால் வலியின்றி இறக்கவிடப்பட்டன என்பதையும் மறைத்தலாகாது. இரக்கம் எப்போதும் மீட்பில் முடிவதில்லை. சில வேளைகளில் ஒரு நல்ல முடிவைத் தருவதே அதனால் இயன்றது.

மீட்பு இயலுமிடத்தும் இரக்கம் மட்டும் போதாது. பல நாட் பட்டினி கிடந்த குதிரைக்கு அன்பு மிகுதியால் ஒரே தடவையில் தானியத்தை வாரிக் கொடுத்தால் அது இறந்துவிடக்கூடும். பட்டினியிற் பழகிய உடலுக்குள் மாச்சத்து திடீரெனப் புகும்போது குருதியிலுள்ள பொசுபரசு, மக்னீசியம், பொற்றாசியம் ஆகியன விரைந்து குறைந்து இதயமும் மூச்சும் தளர்கின்றன. ஆதலின் முதல் நாட்களில் நல்ல உலர்புல்லைச் சிறு சிறு அளவாகப் பல தடவை கொடுத்து, பின்னரே படிப்படியாகக் கூட்டுவர். நீண்டு வெடித்த குளம்பு சீவப்படல் வேண்டும். கூர்த்த பல் அராவப்படல் வேண்டும். குடற்புழு நீக்கப்படல் வேண்டும். உடல்நிலையை 1 முதல் 9 வரை மதிப்பிடும் அளவுமுறையொன்று 1983இல் அமெரிக்காவில் ஹெனெக் என்பாரும் பிறரும் வகுத்ததாகும். அதன் அடித்தட்டில் நிற்கும் குதிரை தேறுவதற்குப் பல மாதங்கள் செல்லும். பொன்முடியார் கண்ட நெய்யுணவைப் பட்டினிக் குதிரைக்கு ஊட்டுபவன் அதனைக் கொல்பவனாவான். மார்க்கோ போலோ கண்ட குறையும் இதுவே: பொன் இருந்தது; அறிவு இருக்கவில்லை.

இத்தனையும் மனத்திற்கொண்டு நெடுந்தீவை நோக்குதல் தகும். போர்த்துக்கேயர் அத்தீவைப் பசுத்தீவு என்று தம் மொழியில் அழைத்தனர். அவர்கள் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் அங்குக் குதிரைகள் வளர்க்கப்பட்டன என்பது பொதுவாகக் கூறப்படும் வரலாறு. பிரித்தானியர் ஆட்சியின் முற்பகுதியில் நோலன் என்னும் அதிகாரியின் நிருவாகத்திலும் அவ்வளர்ப்பு நடந்தது. லாயத்தின் கற்றூண்கள் இன்றும் நிற்கின்றன. தேவை ஒழிந்ததும் லாயம் கைவிடப்பட்டது, குதிரைகளும் கைவிடப்பட்டன. அவற்றின் வழிவந்தவையே இன்று கல்வேலிகளுக்கு அப்பாலுள்ள புல்வெளிகளில் திரியும் குட்டையான குதிரைகள். கைரோவில் நேர்ந்ததும் நெடுந்தீவில் நேர்ந்ததும் ஒரே செயலின் இரு வடிவங்கள்: ஆட்சி தன் பணி முடிந்ததும் விலங்கை விட்டுச் செல்லுதல். வடக்கேயுள்ளது மா விட்ட புரம் எனின் இதனை மாவை விட்ட தீவு எனலாம்.

இக்குதிரைகளை ஏற்றுப் பேணுதல் என்பது அவற்றைப் பிடித்து வந்து வீட்டு முற்றத்திற் கட்டுதலன்று. பல தலைமுறையாகக் கட்டற்று வாழ்ந்த மந்தை அது. அதன் இடத்திலேயே அதனை வாழவிடுதலே முறை. ஆனால் கடல் சூழ்ந்த தீவிலே குதிரைக்கு வேறிடம் செல்லும் வழியில்லை. வடகீழ்ப் பருவமழை பொய்த்த ஆண்டுகளில், ஆனி முதல் புரட்டாதி வரையான வெயிலிற் குளங்கள் வற்றிப் புல் கருகும்போது குதிரைகள் மடிந்த செய்திகள் நாளிதழ்களில் வந்துள்ளன. 2015 ஜூன் மாதத்தில் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. பிரகடனம் வரவேற்கத்தக்கதே. எனினும் பிரகடனம் நீராகாது. பூங்கா என்ற சொல்லும் வாகனம் என்ற சொல்லைப் போலவே, உயிரைப் பெருமைப்படுத்திவிட்டு அதன் தாகத்தை மறக்கச் செய்யும் சொல்லாகிவிடலாம்.

இங்கு ஓர் எதிர்வாதம் எழுதல் இயல்பு. குடிநீருக்கே துன்புறும் தீவு மக்கள், போரினால் நொந்த மாவட்டம், வாழ்வாதாரம் தேடும் குடும்பங்கள் ஆகியோர் இருக்கக் குதிரைக்கு இரங்குதல் வசதிபடைத்தோரின் பொழுதுபோக்கன்றோ என்பது அவ்வாதம். இதனை எளிதில் ஒதுக்கலாகாது. நீர்ப் பங்கீட்டில் தீவு மக்களின் குரலைக் கேளாத எந்தக் குதிரைநலத் திட்டமும் நீதியற்றது; நிலைக்கவும் மாட்டாது. ஆனால் மனிதத் துயரும் விலங்கின் துயரும் ஒன்றையொன்று விலக்குவன என்ற முடிவை யாழ்ப்பாணத்தின் அண்மை வரலாறு ஏற்பதில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிற் பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது சண்டிலிப்பாயும் வெறுமையுற்றது. எடுத்துச் செல்ல இயலாத மாட்டையும் ஆட்டையும் கயிறறுத்து விட்டுச் சென்றோர் பலர். கயிற்றை அறுப்பது கைவிடலாகவும் இருந்தது. கட்டுத்தறியிற் சாகவிடாத கடைசிப் பரிவாகவும் இருந்தது. விட்டுச் செல்வோரின் வேதனையையும் விடப்பட்ட உயிரின் தவிப்பையும் ஒருங்கே அறிந்த ஊர்கள் இவை. அத்தகைய ஊர்களுக்குக் கைவிடப்பட்ட குதிரையின் நிலையை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவை குறைவே.

அயலிலுள்ள மன்னார் இதற்கு ஒரு முன்னுதாரணமாகும். ஒருகாலத்தில் சுமை தூக்கிய கழுதைகள் வண்டிகளும் பாரவூர்திகளும் வந்தபின் தெருக்களில் விடப்பட்டு, வாகனங்களில் மோதுண்டும் பொலித்தீனைத் தின்றும் நலிந்தன. 2010களின் பிற்பாதியில் அவற்றுக்கென மருத்துவமனையும் கல்வி நிலையமும் மன்னாரில் தொடங்கப்பட்டன. அங்கு மருந்தோடு கல்வியும் இணைக்கப்பட்டமை குறிப்பிடத்தக்கது. நகைப்புக்குரிய விலங்கெனத் தமிழ்ப் பழமொழிகள் ஒதுக்கிய கழுதைக்கு இது இயலுமாயின், போற்றுதலுக்குரிய விலங்கெனத் தமிழிலக்கியம் உயர்த்திய குதிரைக்கு ஏன் இயலாது? ஒருவேளை அந்தப் போற்றுதலே தடையாக நிற்கலாம். போற்றப்படும் விலங்குக்குப் பசிக்கும் என்ற எண்ணம் எளிதில் எழுவதில்லை.

இலக்கியம் தண்ணீர்த் தொட்டி கட்டாது, குளம்பு சீவாது. ஆயினும் தொட்டி கட்டுவதற்கு முன் தாகத்தைக் காணும் கண் வேண்டும். ஈழத் தமிழிலக்கியம் நெடுந்தீவை அறியாததன்று. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' 1973இல் அத்தீவின் கரையையும் அங்கு வாடி அமைக்கும் மீனவரையும் நாவலுக்குள் கொண்டுவந்தது. 1978இல் அது திரைப்படமும் ஆயிற்று. கரைக்கு அப்பால், தீவின் உள்வெளியிலே நிற்கும் குதிரைகளுக்கும் அத்தகைய கூர்ந்த பார்வை கிடைத்தல் வேண்டும். அப்படைப்பிற் குதிரை படையைப் பிளக்க வேண்டியதில்லை. தெய்வத்தைச் சுமக்க வேண்டியதில்லை. யாருக்கும் உவமையாக நிற்க வேண்டியதுமில்லை. வற்றிய குளத்தருகே அது நிற்பதையும், யாரோ ஒருவர் நாள்தோறும் நீர் கொண்டு வருவதையும், பல மாதம் கழித்து அதன் விலாவெலும்பு மறைவதையும் சொன்னாற் போதும். தமிழிற் குதிரை மறம் பாடப்பட்டுவிட்டது. குதிரைப் பேணல் இன்னும் பாடப்படவில்லை.

அடுத்த வேட்டைத் திருவிழாவிலும் சண்டிலிப்பாயில் மரக்குதிரை புறப்படும். பிள்ளைகள் அதனை அண்ணாந்து பார்ப்பர். அவ்வழகை எவரும் குறைக்க வேண்டியதில்லை. திருவிழா முடிந்து வாகனசாலை பூட்டப்படும்போது, அதே நாளிலே தென்மேற்கிற் கடலுக்கு அப்பால் ஓர் உயிர்க்குதிரை நீர் தேடி நடக்கிறது என்பதை அப்பிள்ளைகளுக்கு ஒருவர் சொல்லிக்கொடுத்தால் அதுவே தொடக்கமாகும்.